பில்லில் "ஒரிஜினல் ரேடியேட்டர்", காருக்குள் மேனுவல் ரேடியேட்டர்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

சிங்கப்பூரில் ஒரு பட்டறை கொடுத்த பில்லில் இருந்தது இதுதான்: ரேடியேட்டர் (ஒரிஜினல்) 480 வெள்ளி, கூலன்ட் 60, ஃபிளஷிங் 80, தெர்மோஸ்டாட் சர்வீஸ் 40, கூலி 120. அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி 70 வெள்ளி 20 காசு. ஆக மொத்தம் 850 வெள்ளி 20 காசு. கார், சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கும் 1.6 லிட்டர் ஆட்டோமேட்டிக் டொயோட்டா. ரிசர்வ் டேங்கில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது என்பதற்காகத்தான் அதன் உரிமையாளர் காரைக் கொண்டுபோய் விட்டார்.

சில வாரம் கழித்து, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. அதற்கு முன்பிருந்தே கியர் மாறும்போது தட்டல். வேறொரு பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். பில்லில் இருந்த ஐந்து வரியில் கூலியைத் தவிர நான்கும் பொய். இந்தக் கைவரிசை ஒரு கடையோடு நிற்பதில்லை என்பதால் வரிசையாகச் சொல்லிவிடலாம்.

பெரிய மோசடி ரேடியேட்டரிலேயே இருந்தது. இந்த மாதிரி ஆட்டோமேட்டிக் காரின் ரேடியேட்டரில் கூலன்ட் மட்டும் ஓடுவதில்லை. அதன் கீழ்த் தொட்டிக்குள், சில மாடல்களில் பக்கத் தொட்டிக்குள், ஒரு சின்னக் கூலர் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப் இரண்டு ஹோஸ் வழியாக அங்கே வந்து சூடு தணிந்து திரும்பும். அதே மாடலின் மேனுவல் காருக்கு இது தேவையில்லை. அந்த ரேடியேட்டர் விலையும் குறைவு. இந்தக் காரில் அதைத்தான் மாட்டியிருந்தார்கள். மவுண்ட், மேல் ஹோஸ் வாய், கீழ் ஹோஸ் வாய் எல்லாம் ஒத்துப்போனதால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மிச்சமான இரண்டு ஏடிஎஃப் குழாயையும் ஒரு அடி சாதாரண ரப்பர் ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்து, கிளிப் போட்டு, கேபிள் டையால் கட்டி, அண்டர்கவருக்கு மேலே தள்ளிவிட்டிருந்தார்கள். மேலிருந்து பானெட்டைத் திறந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

அதாவது கியர்பாக்ஸ் ஆயிலுக்குக் கூலரே இல்லை. குளிர் நாட்டில்கூட இது செய்யக்கூடாத வேலை. இங்கே பகலில் 32, 33 டிகிரி, ஏசி நாள் முழுக்க ஓடுகிறது, தீவு விரைவுச்சாலையில் மாலை நேரத்தில் ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் அதிகம் சூடேறுவதே இப்படி நின்று நின்று போகும்போதுதான். ஏடிஎஃப் கறுத்து, கருகிய வாடை அடிக்கும். கிளட்ச் தட்டுகள் தேயத் தொடங்கும், வால்வ் பாடியில் கசடு ஒட்டும். பட்டறையிலிருந்து கார் வெளியே வரும் அன்று எந்த அறிகுறியும் காட்டாது. காட்டும்போது, "பழைய கார்தானே, கியர்பாக்ஸ் வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடலாம். மாட்டியவர்கள் நம்பியிருந்தது அதைத்தான். ஏடிஎஃப் ஓட்டத்துக்குச் சாதாரண ரப்பர் ஹோஸும் ஆகாது. எண்ணெயில் ஊறி உப்பிக் கிளிப்பிலிருந்து கழன்றால், கியர்பாக்ஸ் ஆயில் முழுக்கச் சாலையில்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வேலைக்கு முன்பே, பழைய ரேடியேட்டரின் தொட்டியிலிருந்து இரண்டு உலோகக் குழாய் மூக்குகள் வெளியே வருகின்றனவா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் இருந்தால் புதியதிலும் இருந்தாக வேண்டும். தனிக் கூலர் உள்ள கார்களும், கியர்பாக்ஸிலேயே கூலரைப் பொருத்திய கார்களும் உண்டு. அவற்றுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அதனால்தான் இணையத்தில் யாரோ போட்ட படத்தை நம்பாமல் உங்கள் பழைய ரேடியேட்டரையே ஆதாரமாக வைக்கச் சொல்வது.

"ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு பில்லில் அர்த்தமே இல்லை. பார்ட் நம்பர் எழுதச் சொல்லுங்கள். டொயோட்டா ரேடியேட்டரின் நம்பர் 16400 என்று தொடங்கும், ஹோண்டாவுக்கு 19010. அதற்கு அடுத்து வரும் பகுதிதான் எஞ்சினையும் ஆட்டோவா மேனுவலா என்பதையும் பிரித்துக் காட்டும். சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் எந்தப் பாகக் கடையிலும் சரியான நம்பரைச் சொல்வார்கள். பெட்டியை மட்டும் காட்டினால் ஏமாற வேண்டாம், பெட்டி தனியாகவே கிடைக்கும். தொட்டியில் அச்சான எழுத்தைப் பாருங்கள். ஒரிஜினல் வேண்டாம் என்றாலும் தவறில்லை. டென்சோ, கோயோ போன்றவர்கள் தயாரித்தது, சொன்ன பெயரிலேயே வந்தால், பழைய காருக்குத் தாராளமாகப் போதும். குறை பொருளில் இல்லை, தைவான் விலைச் சரக்கை ஜப்பான் விலைக்கு விற்பதில் இருக்கிறது.

கோரின், அதாவது குழாய்களும் துடுப்புகளும் உள்ள நடுப்பகுதியின், தடிமனையும் பாருங்கள். இந்தக் காரில் கழற்றப்பட்டது 26 மில்லிமீட்டர், மாட்டியது 16. தடிமன் குறைந்தாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது. துடுப்புகள் நெருக்கமாக இருந்தால் மெல்லிய கோரும் நன்றாக வேலை செய்யும். ஆனால் மெல்லியதாகவும் துடுப்பு இடைவெளி அகலமாகவும் இருந்தால், காற்றோட்டமான சாலையில் தாங்கும், நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது கைவிடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். "தெர்மோஸ்டாட் சர்வீஸ்" என்று ஒரு வேலை கிடையாது. அது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கான வழியை மூடி வைக்கும், மெழுகு நிரப்பிய ஒரு வால்வு. நன்றாக இருந்தால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் புதியது போட வேண்டும், கூடவே ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். இங்கே செய்தது என்ன? ஹவுசிங்கைத் திறந்து, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, வெறுமனே மூடிவிட்டார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குத் தெர்மோஸ்டாட்?" என்பது இங்கே பல பட்டறைகளில் கேட்கும் பழைய வசனம். எடுத்துவிட்டால் ஊசி கீழேயே நிற்கும், வாடிக்கையாளர் மகிழ்ந்து போய்விடுவார்.

அதில் இரண்டு சிக்கல். எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. 65, 70-லேயே நின்றால் கம்ப்யூட்டர் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆயிலில் ஈரம் ஆவியாகாமல் தங்கும். டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆவதும் தள்ளிப்போகும். காரின் கம்ப்யூட்டரில் பி0128 என்ற பிழைக் கோட் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது மோசமானது, பலருக்கும் தெரியாதது. பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. எஞ்சின் சூடானதும் மேல் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதே அசைவில் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வேகமாகப் போகும்போது அளவுக்கு மீறிக் குளிரும், நெரிசலில் அளவுக்கு மீறிச் சூடாகும். மெல்லிய கோரும் சேர்ந்துகொண்டதால் உட்லண்ட்ஸில் நடந்தது இதுதான்.

சோதிக்க, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், மின்விசிறிப் பக்கம் கை போகாமல். எஞ்சின் 80 டிகிரியை நெருங்கும்வரை அது ஆறியே இருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டே வந்தால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிவிட்டது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகி டிகிரியைப் படிப்பது இன்னும் நல்லது. காரின் ஊசியை நம்ப வேண்டாம்: ஏறத்தாழ 80-லிருந்து 100-க்கு மேல் வரை நடுவிலேயே நிற்கும்படிதான் பல கார்களில் அதை அமைத்திருக்கிறார்கள்.

கூலன்ட் விஷயம் சுருக்கம். புதிய பட்டறையில் ஒரு சொட்டு எடுத்து, எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தார்கள். கூலன்டும் தண்ணீரும் 50/50 கலவையானால் −37 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கோடு 0-ஐ ஒட்டி நின்றது. பச்சைச் சாயம் கலந்த குழாய்த் தண்ணீர். "இங்க என்ன பனியா பெய்யுது?" என்று கேட்பவர்களுக்கு: கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டும் இல்லை. கொதிநிலையை உயர்த்தும், அலுமினியம் அரிக்காமல் காக்கும், வாட்டர் பம்ப் சீலைக் காப்பாற்றும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்துக்கு நல்லதல்ல. அதற்காகக் கெட்டிக் கூலன்டை அப்படியே ஊற்றவும் கூடாது. 60 சதவீதத்தைத் தாண்டினால் சூட்டைக் கடத்தும் திறன் குறைகிறது. முன்கலவையாக வரும் கூலன்டை எதுவும் சேர்க்காமல் ஊற்றலாம். உங்கள் முன்னால் சீலை உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், நிறம் வெறும் சாயம்.

ஃபிளஷிங் 80 வெள்ளி. கீழ் ஹோஸைக் கழற்றியதும் பழுப்புக் கசடு வந்தது, எஞ்சின் பிளாக்கின் வடிகால் பிளக்கில் படிந்திருந்த அழுக்கு கலையவே இல்லை. பிளக்கைத் தொடாமலும் ஃபிளஷ் செய்யலாம்: சுத்தமான தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் ஏறத்தாழ பாதி கூலன்ட்தான் வெளியேறும், மீதி பிளாக்கிலேயே கிடக்கும். இங்கே எதையும் செய்யவில்லை.

இத்தனைக்கும் அந்த ரேடியேட்டர் உண்மையில் ஒழுகியதா என்பதே யாருக்கும் தெரியாது. முதலில் செய்ய வேண்டியது பிரஷர் டெஸ்ட். எஞ்சின் ஆறியபின், மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை, 0.9 அல்லது 1.1 என்று இருக்கும், ஏற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். முள் இறங்கினால் ஒழுகல் எங்கே என்று விளக்கடித்துத் தேடலாம்: பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பு, மேல் ஹோஸ் கழுத்து, வாட்டர் பம்பின் கசிவுத் துளை. மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும், ஸ்பிரிங் தளர்ந்த மூடி ஒன்றே கூலன்டைக் குறைக்கும். வெளியே ஒழுகலே இல்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். கூலன்டில் எஞ்சின் புகை கலந்திருந்தால் நீலத் திரவம் மஞ்சளாக மாறும் சோதனை ஒன்று உண்டு, அதற்கு அதிக நேரம் ஆகாது. பழுப்பேறிய பிளாஸ்டிக் தொட்டி என்றால் மட்டும் வாதம் வேண்டாம். கறுப்பாக இருந்த நைலான் பழுப்பானால் உடையக் காத்திருக்கிறது, மாற்றிவிடுவதே நல்லது.

பழைய ரேடியேட்டரைக் கேட்டபோது "காரங்குனிக்குப் போட்டாச்சு", அதாவது பழைய சாமான்காரரிடம் கொடுத்தாயிற்று, என்றார்களாம். கழற்றிய பாகம் உங்களுடையது. திருப்பித் தர வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் போதும்.

ஒழுங்கான வேலை எப்படி இருக்கும்? எஞ்சின் ஆறிய பிறகுதான் தொடங்குவார்கள். வடித்து, ஹோஸ்களையும் ஏடிஎஃப் ஹோஸ்களையும் மின்விசிறியின் கனெக்டரையும் கழற்றி, மேல் பிராக்கெட்டை எடுத்து, தூக்குவார்கள். கீழ் ரப்பர் மவுண்ட்களையும் ஓரத்து ஸ்பான்ஞ் பட்டைகளையும் புதியதற்கு மாற்றுவார்கள். அந்தப் பட்டையைத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர். அது இல்லாவிட்டால் சூடான காற்றே சுற்றி முன்பக்கம் வந்து மறுபடி உள்ளே போகும். ஏசியின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் படிந்த தூசியைக் கழுவ இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. கூலன்டை மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றி, ஹீட்டர் உள்ள கார் என்றால் அதையும் முழுச் சூட்டில் வைத்து, மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏடிஎஃப் சிந்திய அளவை அதே வகை ஆயிலால் நிரப்பி, தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் அளவு பார்க்க வேண்டும். சின்னக் காருக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம். முக்கால் மணி நேரத்தில் சாவியை நீட்டினால் எதையோ விட்டிருக்கிறார்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஏசியைப் போட்டு, கிரில்லுக்கு முன்னால் ஒரு டிஷ்யூவைப் பிடியுங்கள். உள்ளே இழுக்க வேண்டும். தள்ளினால் மின்விசிறி வயர் மாறியிருக்கிறது.

பணம் கொடுப்பதிலும் ஒரு வார்த்தை. இந்த பில்லில் ஜிஎஸ்டி வசூலித்திருந்தார்கள், பதிவு எண் இல்லை. பதிவு செய்யாத கடை ஜிஎஸ்டி வாங்குவது சட்டப்படி குற்றம். வரி ஆணையமான ஐராஸின் இணையத்தளத்தில் கடையின் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பேநவ் செய்தால் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி எண்ணுக்கு வேண்டாம், நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னுக்கு அனுப்புங்கள்.

ஏமாந்துவிட்டது தெரிந்தால், சரிசெய்வதற்கு முன் படம் எடுங்கள். இரண்டாவது பட்டறையிடம் என்ன இருந்தது, என்ன இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பாகத்தை வைத்திருங்கள். முதலில் கடைக்கு எழுதுங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸ். அதற்கும் அசையாவிட்டால் ஸ்மால் கிளைம்ஸ் டிரைபியூனல்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் கிடையாது. பில்லில் "ஒரிஜினல்" என்று அவர்கள் கைப்பட எழுதியது அங்கே உங்களுக்குத்தான் உதவும். இதே வேலையை ஜோகூர் பாருவில் செய்திருந்தால் இங்குள்ள டிரைபியூனலைக் கொண்டு அந்தக் கடையை இழுப்பது கடினம். விலை மலிவைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.