புகார்ப் பெட்டியா, பத்து நிமிடக் கூட்டமா?

மருத்துவமனை ஊழியர்கள் பயமில்லாமல் பேச வேண்டும் என்று சொல்லாத நிர்வாகம் இல்லை. அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மூன்றில் ஒன்றைக் காட்டுவார்கள். பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டி, அல்லது அதன் இடத்தில் ஒட்டிய கியூஆர் கோடு. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் 'ஓவர்' நேரத்தில் வார்டிலேயே நின்றபடி நடத்தும் பத்து நிமிடக் கூட்டம். மாதம் ஒருமுறை மனநல ஆலோசகருடன் உட்கார்ந்து பேசும் அமர்வு. நான் சென்னையில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்றையும் ஒழுங்காக நடத்த எங்களிடம் ஆளில்லை. கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பெட்டிக்கு இருக்கும் வசதிகள் தெரிந்தவைதான். செலவில்லை, பெயர் எழுத வேண்டாம், மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பிலிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பதிவேடும் இருக்கும். ஆனால் பெயர் எழுதாவிட்டால் ஆள் தெரியாது என்பது பாதி உண்மை. ஒரு வார்டில் இரவில் இரண்டு மூன்று சிஸ்டர்கள்தான் இருப்பார்கள். "இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரை மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை" என்று ஒரு சீட்டு விழுந்தால், டியூட்டி பட்டியலைப் பார்த்தே எழுதியவரைச் சொல்லிவிடலாம். கையெழுத்தோ இன்சார்ஜ் சிஸ்டர் தினமும் படிக்கும் கையெழுத்து. கியூஆர் கோடு வந்த பிறகு, "இதில் என் போன் நம்பர் போகுமா அக்கா?" என்பதுதான் டிரெயினிகள் கேட்கும் முதல் கேள்வி.

இதைக்கூடச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது, சொன்னவருக்குப் பதில் போகாததுதான். என் தேர்வை முடிவு செய்தது இந்த ஒன்றுதான்.

எங்கள் பெட்டியில் ஒருமுறை ஒரு சீட்டு கிடந்தது: "மருந்து டிரேயில் மாறிப்போக வாய்ப்பு இருக்கிறது, கவனிக்கவும்." எந்த வார்டு, எந்த டிரே, எந்த மருந்து? கேட்க ஆளில்லை. எல்லா வார்டுகளுக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை போனது. எழுதியவர் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார்? இனி எழுத மாட்டார்.

பிறகு காலைக் கூட்டத்தில் இதே விஷயத்தை ஒரு டிரெயினி சிஸ்டர் எழுப்பினார். வாயால் விவரிக்காமல் டிரேயையே கொண்டுவந்து காட்டினார். டிரேயின் ஒரே தடுப்புக்குள் பொட்டாசியம் குளோரைடும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து கிடந்தன. இரண்டும் 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பூல், ஒரே உயரம், ஒரே நிறமற்ற திரவம். எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். இரவு மூன்று மணிக்கு, பாதி விளக்கை அணைத்த வார்டில், அந்த எழுத்து எவ்வளவு தெரியும்? பொட்டாசியத்தைக் கலக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அன்று மாலைக்குள் பொட்டாசியம் பூட்டிய அலமாரிக்குப் போனது, சிவப்பு ஸ்டிக்கருடன். மறுநாள் அதைப் பலகையில் எழுதினோம். கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காத இன்னொருவர் அன்று ஆக்சிஜன் சிலிண்டர் சாவியைப் பற்றிப் பேசினார்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நர்சிங் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. சொன்ன விஷயம், பார்க்கப்போவது யார், என்ன ஆயிற்று என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டம் மறுநாள் காலைக்குள் நிரம்ப வேண்டும். "முடியவில்லை, பர்ச்சேஸில் காத்திருக்கிறது" என்று எழுதினாலும் பரவாயில்லை. காலியாக மட்டும் இருக்கக் கூடாது. கூட்டத்தின் பராமரிப்புச் செலவு முழுவதும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதை நிரப்ப யாராவது ஒருவர் தினமும் பார்மசி, பயோமெடிக்கல், ஹவுஸ்கீப்பிங் என்று அலைய வேண்டும். அந்த ஆளை ஒதுக்க மனமில்லாத நிர்வாகம் கூட்டம் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஒரு வாரம் கட்டம் காலியாகக் கிடந்தால், கேட்டும் செய்யவில்லை என்ற கசப்புதான் மிஞ்சும்.

விமானத் துறையில் இந்தச் சிக்கலை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவரும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில் விமானி தன் பெயரோடுதான் எழுதுகிறார். ஆய்வாளர்கள் தேவைப்பட்டால் அவரைக் கூப்பிட்டு விவரம் கேட்கலாம். அதன் பிறகு பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்து அவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெயரைக் காப்பாற்றுவது வேறு, பெயரே இல்லாமல் வாங்குவது வேறு. பெட்டி இரண்டாவதைத்தான் செய்கிறது.

கூட்டத்தைத் தொடங்கும் முன் நிர்வாகத்திடம் சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு: பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை கூடும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவருடைய விளக்கம். 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உளவியல் பாதுகாப்பு, அதாவது பயமில்லாமல் பேசலாம் என்று குழுவில் இருக்கும் நம்பிக்கை, என்ற பேச்சே இவ்வளவு பரவியது. இதைச் சொல்லி வைக்காவிட்டால், எண்ணிக்கை ஏறிய மாதத்தில் யாராவது ஒருவர் கையில் மெமோ வந்து விழும். கூட்டத்தில் சொன்ன விஷயத்துக்கு ஒரே ஒரு மெமோ போதும், அந்த வார்டு மாதக்கணக்கில் ஊமையாகிவிடும்.

கூட்டத்திலும் குறைகள் இருக்கின்றன. பெரிய டாக்டர் வந்து நின்றால் சின்னவர்கள் தலைகுனிந்துகொள்கிறார்கள். அதனால் எங்களிடம் வயதிலும் பதவியிலும் இளையவரே முதலில் பேசுவார், டாக்டர் கடைசியில். "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்றுதான் பதில் வரும். "நேற்று ராத்திரி எந்த நோயாளியை நினைத்துக் கவலைப்பட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். மொழியும் ஒரு தடைதான். கேரளத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த சிஸ்டர்கள் தமிழில் தடுமாறுகிறார்கள். அவர்கள் எந்த மொழியில் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் தமிழில் எடுத்துச் சொல்வார் என்று வைத்திருக்கிறோம். ஆயாம்மாவும் வார்டு பாயும் கட்டாயம் நிற்க வேண்டும். கட்டிலின் சக்கரப் பூட்டு தேய்ந்துபோனது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஆலோசகர் அமர்வு பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. சிலவற்றில்தான் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தை இறந்த வார்டில் அது தந்த ஆறுதலைக் கூட்டம் ஒருநாளும் தராது. ஆனால் டியூட்டி முடிந்த பிறகு வைத்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்களே தவிர உட்கார மாட்டார்கள். தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை ஓய்வறையில் ஒட்டியிருக்கிறோம். நோயாளியின் உறவினர்கள் அடிக்க வருவார்கள் என்ற பயம் தனி விஷயம். தமிழ்நாட்டில் 2008 முதல் அதற்குச் சட்டம் இருந்தும், 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவருக்குக் கத்திக்குத்து விழுந்தது. அதற்குக் காவலும் கதவும் வேண்டும், கூட்டம் போதாது.

பெட்டியை நாங்கள் எடுத்துவிடவில்லை. இன்சார்ஜ் மீதே புகார் என்றால் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? அதற்காக அது இருக்கிறது. சாவி வார்டுக்கு வெளியே உள்ள ஒருவரிடம். பாலியல் தொல்லை என்றால் பெட்டிக்குப் போகவே கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பெரிய அரசு மருத்துவமனைகளின் கூட்ட நெரிசலில் இது நடக்குமா என்று நான் சொல்ல முடியாது; அங்கே நான் வேலை செய்ததில்லை. எங்களுக்கே இரவு ஓவர் நேரத்துக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. எட்டு மணிக்கு விசிட்டர்கள் வெளியேறுவதும் சாப்பாடு வருவதும் ஒன்றாக நடக்கின்றன. இப்போதைக்கு மாலை ஷிஃப்ட் சொல்வதை இன்சார்ஜ் குறித்துவைத்துக் காலையில் படிக்கிறார். அடுத்த மாதம் ஏழரைக்கே ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கப்போகிறோம்.