சர்க்கரையைக் குறைக்கிறேன் என்று 17,499 ரூபாயைக் குறைத்துவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அதுதான் அவர்களுக்கும் வேண்டும். யாரும் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. போனில் "சுகர்" என்று ஒரு தடவை தேடினால் அன்று மாலையே திரையில் வந்து நிற்குமே, "90 நாளில் மாத்திரை இல்லாத வாழ்க்கை" என்று, அந்த வகை ஆப்.

கிண்டியில் எங்கள் ஆபீஸில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். எனக்கு வயது 46. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 168. மறுநாள் லேபில் முறையாகப் பார்த்தால் 171, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட்) 8.4. வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5, இதைத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே அச்சடித்திருந்தது. சைதாப்பேட்டையில் எங்கள் தெரு டாக்டர் மெட்ஃபார்மின் 500 மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று எழுதினார். "சோத்தைப் பாதியாக்குங்க, காயை ரெண்டு மடங்காக்குங்க, தினமும் முக்கால் மணி நடங்க, மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க." ஐந்து நிமிடம், முடிந்தது. வெளியே பதினைந்து பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. இட்லி சாப்பிடலாமா? காபிக்கு வெல்லம் போடலாமா? அம்மாவுக்கு வந்தது போல எனக்கும் வருமா?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் விழுந்தேன். விளம்பரத்தில் எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பெண் கூப்பிட்டாள். நல்ல தமிழ், நிதானமான குரல். "அக்கா, வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு இருபது வருடம் சர்க்கரை, கடைசியில் இடது காலில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எங்க பாட்டிக்கும் இப்படித்தான்கா. உங்களுக்கு அது வராது, நான் பார்த்துக்கறேன்" என்றாள். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன், இரவு 9.40-க்கு ஜிபேயில் 17,499 ரூபாய் அனுப்பினேன். வீட்டுக்காரரிடம்கூடக் கேட்கவில்லை. பாட்டி கதை எத்தனை பேருக்குச் சொன்னாளோ!

பெட்டி பதினோராவது நாள் வந்தது. விரலைக் குத்தி வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்று, அதில் செருகும் ஸ்ட்ரிப் 25 கொண்ட குப்பி இரண்டு, சிறுதானியக் கஞ்சி மாவு மூன்று டப்பா, ஆப்பில் சாப்பாட்டு அட்டவணை. அட்டவணையைத் திறந்தால் காலையில் பன்னீர் புர்ஜி, மதியம் இரண்டு ரொட்டி, ராஜ்மா. சாம்பார், கூட்டு, பொரியல் என்று ஒரு வார்த்தை கிடையாது. "அக்கா, சவுத் இந்தியன் சார்ட் அடுத்த அப்டேட்ல வருது" என்றாள். இன்றுவரை வரவில்லை. கஞ்சி மாவை நம்பி தினமும் காலையில் ஒரு டம்ளர் குடித்தேன். சிறுதானியம்தானே என்று லேபிளைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இரண்டாவது பெயரே மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று தெரிந்திருக்கும். சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றுகிற மாவுச்சத்து அது. போதாததற்கு, தானியத்தை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் முழுசாக மென்று தின்பதைவிட வேகமாக ஏறும். சுகர்காரிக்கு இதை விற்றிருக்கிறார்கள்.

ஆனால் மீட்டர் என்ன சொன்னது தெரியுமா? 104. 98. 111. தினமும் ஆப்பில் வண்ணக் காகிதம் பறக்கும், கைதட்டல் சத்தம் வரும். நானும் சின்னப் பிள்ளை மாதிரி வீட்டுக்காரரிடம் காட்டுவேன். மூன்றாவது வாரம் போன் வந்தது: "அக்கா சூப்பர்! நைட்டு மாத்திரையை நிறுத்திப் பாருங்க." நிறுத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாவது வாரம் இரவில் மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போக ஆரம்பித்தேன். தண்ணீர் குடிக்கக் குடிக்க நாக்கு வறண்டது. "அது டீடாக்ஸ்கா, நல்லதுதான்" என்றாள். மனசு கேட்கவில்லை. முந்தாநாள் காலையில் மீட்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே விரலைக் குத்தி மீட்டரிலும் பார்த்தேன். மீட்டரில் 119. மதியம் வந்த ரிப்போர்ட்டில் 212.

லேபில் இருக்கும் தம்பி தங்கமான பையன். விரல் குத்திப் பார்ப்பதற்கும் லேபுக்கும் பதினைந்து சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம், இவ்வளவு இருக்காது என்று சொல்லி குப்பியை வாங்கிப் பார்த்தான். ஸ்ட்ரிப்பைச் செருகினால் மீட்டர் திரையில் ஒரு குறியீட்டு எண் வருகிறது. அதுவும் குப்பியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். (புது மீட்டர்கள் பலவற்றில் இந்தத் தொல்லை இல்லை, தானாகவே எடுத்துக்கொள்ளும்.) எனக்கு அனுப்பியதோ பழைய வகை. மீட்டரில் 11, குப்பியில் 17. அப்புறம் குப்பியின் மேல் இருந்த அவர்களுடைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். பாதிதான் உரிந்தது. அடியில் காலாவதித் தேதி, ஐந்து மாதம் முன்னாலேயே முடிந்துவிட்டது. தேதியின் மேலேயே கச்சிதமாக ஒட்டியிருக்கிறார்கள், அதில் சிரிக்கிற இதயப் படம் வேறு.

கேள்வித்தாளும் அவர்களே, திருத்துகிறவர்களும் அவர்களே, அப்புறம் மார்க்குக்கு என்ன குறைச்சல்? கஞ்சி வேலை செய்கிறதா என்று பார்க்கும் கருவியையும் கஞ்சி விற்கிறவனிடமே வாங்கியிருக்கிறேன்.

அன்று மாலை கூப்பிட்டேன். அக்கா மேடம் ஆகிவிட்டாள். "மேடம், நீங்க மாம்பழம் ஏதாவது சாப்பிட்டிருப்பீங்க." வெறும் வயிற்றில் எடுத்தது அம்மா அது! "ஸ்ட்ரெஸ்ல கூட ஏறும் மேடம்." சரி, ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் தேதிக்கும் ஸ்ட்ரெஸ்தான் காரணமா என்றேன். போன் கட்டாகிவிட்டது. அடுத்த தடவை வேறு ஒரு பையன் எடுத்தான், அந்த மேடம் இப்போது இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லையாம். 17,499 ரூபாயைத் திருப்பிக் கேட்டால், பதினைந்து நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். பணம் கட்டிய நாளிலிருந்து பதினைந்து. பெட்டி வந்ததே பதினோராவது நாள் என்றால், "பாலிசி அப்படித்தான் மேடம்." மீட்டர் திறந்துவிட்டதால் சுகாதாரப் பொருள், வாங்க மாட்டார்களாம். புகைப்படங்களோடு புகார் பதிந்தேன். இன்று காலை எழுந்து பார்த்தால் "தீர்க்கப்பட்டது" என்று மூடி வைத்திருக்கிறார்கள், கீழே ஐந்து நட்சத்திரம் கேட்டு.

மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று வக்கீலாக இருக்கும் என் நாத்தனார் கேட்டாள். சாட்டை முழுக்கத் தேடினேன். இதயம், கைதட்டல், "குட் மார்னிங் அக்கா", அவ்வளவுதான். நிறுத்தச் சொன்னதெல்லாம் போனில். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954-லேயே சட்டம் போட்டிருக்கிறார்களாம். இவர்கள் மருந்து என்ற வார்த்தையையே தொடாமல் "புரோகிராம்" என்று விற்கிறார்கள்.

டாக்டரிடம் போய்த் திட்டு வாங்கினேன். இரவு மாத்திரையும் மறுபடி ஆரம்பம். ஹெச்பிஏ1சி இப்போது வேண்டாம், அது மூன்று மாதச் சராசரி, பொறுமையாக எடுக்கலாம் என்றார். இந்தத் தடவை எட்டு நிமிடம் பேசினார், நான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனதால். இட்லி சாப்பிடலாமாம், இரண்டு, சாம்பாரும் கொஞ்சம் சுண்டலுமாக. வெல்லமும் சர்க்கரைதானாம். எதிர் வீட்டுப் பாட்டிக்கு அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆட்கள் மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், காசே கிடையாது. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு 17,499 ரூபாய் கட்டி 212.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ஸ்ட்ரிப் குப்பி வாங்கினால் தேதியைப் பாருங்கள், ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். திறந்த தேதியை மேலே எழுதி மூடியை இறுக்கி மூடுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெட்டுவிடும். குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடையுங்கள். புது மீட்டரை ஒரு தடவையாவது லேபுக்கு எடுத்துப் போய் ஒப்பிடுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையைத் தொடாதீர்கள். பணம் போயிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

நானும் அதில் கூப்பிட்டுப் பதிவு எண் வாங்கி வைத்திருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் புது மீட்டரும் வாங்கியாகிவிட்டது, அது தனிச் செலவு. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது, குத்திப் பார்க்க வேண்டும்.