முடக்கு வாத மரபணு: ஐரோப்பியர் ஒரு பக்கம், கிழக்காசியர் மறுபக்கம்

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்கு வாதம் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், ஆனால் அதற்கு வழிவிடும் மரபணுக்கள் எல்லா இனத்தவரிடமும் ஒரே மாதிரி இல்லை.

இரு பக்கமும் முதலில் நிற்பது எச்எல்ஏ-டிஆர்பி1 எனும் நோயெதிர்ப்பு மரபணுதான். ஐரோப்பியரிடம் அதன் 04:01 வகை முக்கியம், ஜப்பானியர், கொரியரிடம் 04:05. பெயர் வேறே தவிர, இரண்டும் உருவாக்கும் புரதத்தில் 70 முதல் 74 வரையிலான ஐந்து இடங்களைப் பார்த்தால் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருக்கும்.

அப்புறம்தான் பாதை பிரிகிறது. பிடிபிஎன்22 மரபணு உருவாக்கும் புரதத்தில் 620-ஆவது இடத்தில் வரும் ஒரு மாற்றம், ஐரோப்பியரிடம் எச்எல்ஏ-வுக்கு அடுத்த பெரிய காரணிகளில் ஒன்று. கிழக்காசியரிடம் அந்த மாற்றம் ஏறக்குறைய இல்லவே இல்லை! அங்கே இதைத் தேடிப் பரிசோதனை செய்வது வீண் செலவு.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது பிஏடிஐ4 மரபணு. 2003-இல் ஜப்பானியரிடம் முதலில் தெரியவந்தது, ஐரோப்பியரிடம் இதன் தாக்கம் குறைவு. புரதத்திலுள்ள ஆர்ஜினின் எனும் அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றும் நொதிகளில் ஒன்றை உருவாக்குவது இந்த மரபணுதான். அப்படி மாறிய புரதங்களை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத்தான் மருத்துவர் எழுதித்தரும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை தேடுகிறது.

சரி, இரு தரப்பும் அவ்வளவு தூரமா? இல்லை. 2014-இல் ஐரோப்பியர், ஆசியர் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து இந்த நோயோடு தொடர்புடைய 101 மரபணு இடங்களைப் பட்டியலிட்டார்கள், அவற்றில் கணிசமானவை பொதுவானவை. ஆனாலும் ஐரோப்பியரை மட்டும் வைத்துக் கணக்கிட்ட மரபணு ஆபத்து மதிப்பெண்ணை (மரபணுக்களை வைத்து நோய் வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) மற்றவர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது.