சுந்தர் சிங்கா, ஐடா ஸ்கடரா?

கிறிஸ்துவுக்கென்றே வாழ்ந்தவர் யார் என்று கேட்டால் நம் சபைகளில் சட்டென்று வரும் பெயர் சாது சுந்தர் சிங். பஞ்சாபில் சீக்கியக் குடும்பம். 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம். அப்புறம் காவி உடை, ஒரு போர்வை, புதிய ஏற்பாடு, வெறுங்கால். 1929இல் திபெத்துக்குக் கிளம்பியவர் திரும்பவில்லை.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடரின் வழி வேறு. மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார். ஆண் வரக்கூடாது என்று போய்விட்டார்கள். மூன்று தாய்மாரும் இறந்தார்கள். ஐடா அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. நடுவே நன்கொடை திரட்டல், கட்டட வேலை, கணக்கு வழக்கு. பிரசங்கத்தில் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

சாது வீட்டை விட்டார், ஐடா தன் திட்டத்தை விட்டார். எனக்கு இரண்டாவதுதான் கடினமாகப் படுகிறது. பல பத்தாண்டுகள் அதே ஊர், அதே நோயாளிகள் வரிசை. இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை, சரி. ஆனாலும் மாதச் சம்பளமும் பள்ளிக் கட்டணமுமாக ஓடுகிறவர்களுக்கு ஐடாவிடம் கற்க நிறைய இருக்கிறது.