முதுகுவலி பேக்கேஜுக்கு ஓடிபி சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

"ஆபரேஷன் இல்லாமல் கழுத்து வலி, முதுகு வலி தீர்க்கிறோம்" என்று போனில் ஓயாமல் விளம்பரம் வருகிறதே, அப்படிப்பட்ட ஒரு சென்னை கிளினிக்கில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. இதே பாணியில் நடப்பவை வேறு இடங்களிலும் இருக்கின்றன. அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் பணத்தைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

நான் ஆடிட் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் ஓசூர், கரூர், திருப்பூர் என்று அலைச்சல். போகிற கம்பெனியில் ஸ்டோர் ரூம் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கும், தாழ்வான மேசையில் லேப்டாப்பை வைத்துக் குனிந்தபடியே நாள் போகும். இரவு பஸ்ஸில் திரும்பி, காலையில் நேரே ஆபீஸ். செப்டம்பர் சீசன் முடிவதற்குள் கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை கல்லாக இறுகிவிட்டது. காலையில் எழுந்தால் இடுப்பை நிமிர்த்தவே நேரம் பிடித்தது.

கிளினிக்கில் ஆலோசனை இலவசம். ஆனால் அதற்கு முன் அவர்கள் சொல்லும் லேபில் எம்ஆர்ஐ எடுத்து வர வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே பேசியவர் டாக்டர் இல்லை, 'கேர் கோஆர்டினேட்டர்' என்றார்கள். மேசையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு. அதில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகளில் ஒன்று மட்டும் சிவப்பாகப் பிதுங்கிக்கொண்டு நிற்கும். என் ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 மைல்ட் டிஸ்க் பல்ஜ்' (இடுப்புப் பகுதி டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது) என்ற வரியை எடுத்து, 'டிஸ்க் பல்ஜ்' மேல் மட்டும் பேனாவால் வட்டம் போட்டார். முன்னால் இருந்த 'மைல்ட்' வட்டத்துக்கு வெளியே இருந்தது.

"மேடம், உங்களுக்கு 36 வயசுதான் ஆகுது. இப்பவே இப்படின்னா, இன்னும் அஞ்சு வருஷத்துல நடக்கவே கஷ்டம். வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

குழந்தை இருக்கிறதா என்று எதற்குக் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை, பயமுறுத்தத்தான் என்று பிறகு புரிந்தது. என்னைக் குனியச் சொல்லவில்லை, படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, கையில் பலம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தே சிகிச்சை முடிவானது.

அந்தக் காகிதத்தைப் பற்றி எனக்குப் பிறகு தெரிந்தது இது. வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. வலி இல்லாத 30 வயதுக்காரர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. தலை நரைப்பதைப் போல வயதோடு வருவது அது. ஸ்கேனில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று, ஆளைத் தொட்டுப் பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் விலை. முதுகெலும்பை இழுக்கும் டீகம்ப்ரஷன் மெஷின், லேசர், எலும்பைக் கையால் நேராக்குவதாகச் சொல்லும் 'அலைன்மென்ட்', ஒரு இடுப்பு பெல்ட், ஏதோ சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். "இன்னைக்கே சேர்ந்தா 68,000." ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகக் கொடுக்கிறேன் என்றதற்கு, "அப்படிச் செஞ்சா ரிசல்ட் வராது மேடம், முழு கோர்ஸா எடுத்தாத்தான்" என்றார். தவணையில் கட்டலாம், கிளினிக்கே பிரித்து வாங்கிக்கொள்ளும் என்று சொல்லி, ஆதார், பான் விவரங்களை அவரே டேப்பில் ஏற்றி, என் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கினார். "இது கடன் இல்ல மேடம்" என்று அழுத்திச் சொன்னார். அன்று இரவு ஒரு நிதி நிறுவனத்திலிருந்து எஸ்எம்எஸ் வந்தது: கடன் வழங்கப்பட்டது, பணம் முழுவதும் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது.

இனி நான் சிகிச்சைக்குப் போனாலும் போகாவிட்டாலும் தவணை என் பெயரில்தான். கிளினிக்குக்கு முழுப் பணமும் கைக்கு வந்துவிட்டதால், எனக்கு வலி குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன?

சிகிச்சை எல்லாருக்கும் ஒன்றே. இடுப்பில் பட்டை கட்டி மெஷினில் இழுப்பு. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்கு முழங்கால் வரை வலி இறங்குகிறது என்றார், அவருக்கும் அதே. நாள்பட்ட இடுப்பு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. அதில் இழுப்பு சிகிச்சையும் இடுப்பு பெல்ட்டும் பரிந்துரைக்கப்படவில்லை. உடற்பயிற்சியும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. எனக்கு யாரும் ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை.

ஒரு நாள் 'அலைன்மென்ட்' செய்பவர் தாடையைப் பிடித்து "ரிலாக்ஸ்" என்றார். அடுத்த நொடி கழுத்தை வெடுக்கென்று திருப்பிவிட்டார். என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சம்மதம் கேட்கவில்லை. சாயங்காலம் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "நரம்பு ரிலீஸ் ஆகுது, நல்ல அறிகுறிதான்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள்.

மறுநாளே அரசு மருத்துவமனையில் காட்டினேன். அங்கேதான் முதன்முதலாக ஒரு டாக்டர் கழுத்தைத் தொட்டு, கையை அழுத்தச் சொல்லி, சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "பலம் குறையலம்மா, நரம்பு எரிச்சல்தான். இனிமே யாரையும் கழுத்தைத் திருக விடாதீங்க" என்றார். கழுத்தை வேகமாகத் திருப்புவதற்கும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிவதற்கும் தொடர்பு இருப்பதை அமெரிக்க இதய சங்கம் 2014-ல் அறிக்கையாகவே எழுதியிருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் வந்தால் பக்கவாதம். கழுத்தைத் திருகியபின் கடுமையான புதுவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நோ ரீஃபண்ட்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. வேணும்னா வீட்ல வேற யாருக்காவது மாத்தித் தரோம்" என்றார்கள். பில் கேட்டால் பேக்கேஜ் பெயர் போட்ட ஒரு சீட்டுதான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடான சேவையை நிறுத்தி, ரசீதில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நகரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இன்னொன்று: ஆப் மூலம் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 'கூலிங் ஆஃப்' காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களின் வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேறலாம். ஆகவே கடன் எஸ்எம்எஸ் வந்த அன்றே நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். கிளினிக்கிடம் வாயால் பேசிக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் போய்விடும்.

என் வலிக்கு உதவியது எங்கள் தெருவிலேயே இருக்கும் பிசியோதெரபிஸ்ட். அன்றன்றைக்குக் காசு, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். தாடையை உள்ளிழுக்கும் பயிற்சி, தோள்பட்டைக்கு ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி, தினசரி நடை. கிளையன்ட் ஆபீஸில் இரண்டு பாக்ஸ் ஃபைலை அடுக்கி, லேப்டாப் திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி கீபோர்டு, மவுஸ் வைத்துக்கொள்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன். பஸ்ஸின் நடுப்பகுதியில் சீட் கேட்டு வாங்குகிறேன், பின்சக்கரத்துக்கு மேலே குலுக்கல் அதிகம். வலி முழுவதும் போகவில்லை, வேலை செய்ய முடிகிறது.

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் இழுத்துப் பலம் குறைவது இருந்தால் அதே நாளில் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

1915-ல் புகார் போன பிறகு கிளினிக் 20,000 ரூபாய் திருப்பித் தந்தது. மீதிக்கு மாவட்ட ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். எஸ்எம்எஸ், விளம்பர ஸ்கிரீன்ஷாட், "நல்ல அறிகுறி" என்று சொன்ன வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அதோடு சேர்த்திருக்கிறேன். உங்களிடமும் இப்படி இருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள்.