இடிந்த தேவாலயம்: திரும்பக் கட்டுவதா, அப்படியே விடுவதா?

போரில் இடிந்ததை என்ன செய்வது என்று தடுமாறினால், ஜெர்மனியின் டிரெஸ்டனையும் இங்கிலாந்தின் கோவென்ட்ரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செலவு: டிரெஸ்டனின் ஃப்ரௌவன்கிர்ஷே தேவாலயம் 1945-இல் சரிந்து, 2005-இல் எழுந்தது. சுமார் 18 கோடி யூரோ, பெரும்பகுதி நன்கொடை. கோவென்ட்ரி 1940-இல் எரிந்த சுவர்களை விட்டுவைத்து, ஒட்டியே புதுப் பேராலயம் கட்டியது. அதுவும் மலிவில்லை.

பராமரிப்பு: கூரையில்லாத சுவருக்கு மழையும் உறைபனியும் ஓயாத தொல்லை. இதில் டிரெஸ்டன் மேல்.

நினைவு: கோவென்ட்ரியில் எரிந்த உத்தரங்களைக் கட்டிச் செய்த சிலுவையே போதும். டிரெஸ்டனில் வெளிர்மணற்கல் நடுவே கறுத்த பழைய கற்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். உச்சிச் சிலுவையைச் செய்தவர்களில் ஒருவர், அந்நகரில் குண்டு வீசிய பிரிட்டிஷ் விமானியின் மகன். எனக்கு இதுதான் நெஞ்சைத் தொட்டது.

பழைய வரைபடமும் கல்லும் கைவசம் இருந்தால் திரும்பக் கட்டலாம். இல்லையென்றால் இடிபாட்டைக் காப்பதே சரி.