திருநெல்வேலி – சேலம்: விமானமா, ரயிலா, பஸ்ஸா?

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் புது டெர்மினல் 2025 ஜூலையில் திறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். "சேலத்திலும் ஏர்போர்ட் இருக்கே, அக்கா வீட்டுக்குப் பறந்தே போயிரலாமே?" மேப்பைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். தூத்துக்குடி விமான நிலையத்துக்கு நேர் வடக்கே இருக்கிறது சேலம் ஏர்போர்ட் உள்ள காமலாபுரம். வான்வழியில் சுமார் 340 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து நாற்கரச் சாலையில் போனால் ஏறக்குறைய 390.

ஆனால் அந்த 340-ஐ நேராகக் கடக்க விமானம் இல்லை. சென்னை போய் மாறினால் 530-உம் 265-உம் சேர்ந்து 800-ஐத் தொடும். பெங்களூரு வழி 660-தான். ஆனால் சேலத்தை ஒட்டியே பறந்து வடக்கே போய், அங்கே இறங்கி, மறுபடி தெற்கே வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அந்த வழியில் நான் போனதில்லை, இது மேப் கணக்கு மட்டும்.

தூரம்கூடப் பரவாயில்லை, உட்கார்ந்துதானே போகிறோம். என்னைத் தடுத்தது நடுவில் மாறுகிற இடம்தான். காமலாபுரம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். சின்ன ஏடிஆர் ரக விமானங்கள்தான் வரும், அதுவும் சொற்பம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைப் பிடிக்க மறுநாள் வரை காத்திருக்க நேரலாம். டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்திருந்தால் அந்தக் காசும் போச்சு, லாட்ஜ் வாடகையும் நம் தலையில். இதற்குப் பயந்து நாலைந்து மணி நேரம் இடைவெளி விட்டு எடுத்தால், பறப்பதில் மிச்சமாகும் நேரம் அங்கேயே கரைந்துவிடும். பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளத்துக்கும், காமலாபுரத்திலிருந்து சேலம் டவுனுக்கும் டாக்ஸி தனி.

ஆகவே என் ஓட்டு நாகர்கோவில் – பெங்களூரு எக்ஸ்பிரஸுக்கு. ஜங்ஷனில் இரவு ஏறிப் படுத்தால் மதுரை, திண்டுக்கல், கரூர் எல்லாம் தூக்கத்திலேயே போய்விடும், விடியுமுன் சேலம். நாமக்கல் வழியாக 2013-இல் பாதை வந்த புண்ணியம், ஈரோட்டைச் சுற்ற வேண்டியதில்லை. விமானத்தில் 15 கிலோவுக்கு மேல் போனால் கவுண்டரில் பெட்டியைத் திறந்து கருப்பட்டியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். இங்கே உடன்குடிக் கருப்பட்டிப் பெட்டி, புளி, பை நிறையத் தேங்காய் எல்லாம் கீழ் பெர்த்துக்கு அடியில் போய்விடும். அலாரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அசந்தால் தர்மபுரிதான்.

பஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட் கடைசி நேரத்திலும் கிடைக்கும், முதுகு வலிக்கும். பெங்களூரு போகிற ஆம்னி என்றால் சீலநாயக்கன்பட்டி பைபாஸில் இறக்கிவிட வாய்ப்புண்டு. அந்நேரத்தில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட்.

ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டால் தூத்துக்குடி – மைசூரு எக்ஸ்பிரஸையும் பாருங்கள். ஈரோடு சுற்றித்தான் போகும், மணியாச்சிக்குப் போய் ஏற வேண்டும். எனக்கு அப்போதும் பஸ்ஸைவிட அதுதான் தோது.